கற்பூர மரமும் எலுமிச்சை வாசமும்: நீலகிரித் தைலத்தின் கதை

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் குஞ்சப்பனை வரை பாக்கும் பலாவும் காப்பியும் கூடவே வரும். பலா பழுக்கும் காலம் என்றால் யானையும் வரும்! அதற்கு மேல் வெயில் குறையும், தேயிலை தொடங்கும். முள்ளூர் தாண்டி அரவேணு வந்து சேரும்போது ஜன்னல் வழியாக நுழையும் காற்றே வேறு. தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக், மேட்டிலும் ஓரத்திலும் பட்டை உரிந்து வெளுத்து நிற்கும் நெட்டை மரங்கள். மழை விட்ட பிறகு அந்த மரங்களின் பக்கம் போனால் மூக்கடைப்பு கொஞ்சம் விலகியது போல இருக்கும்.

மலையில் அதற்குக் கற்பூர மரம் என்று பெயர். சமவெளியில் தைல மரம். பாடப் புத்தகத்தில் யூகலிப்டஸ். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரக் கடைகளில் சின்னச் சின்னப் புட்டிகளில் இதன் தைலம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஊட்டிக்குப் போய்வந்த எந்தக் குடும்பத்தின் அலமாரியிலும் வர்க்கிக்கும் சாக்லேட்டுக்கும் அடுத்தபடியாக அந்தப் புட்டி ஒன்று இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மராத்தியிலும் குஜராத்தியிலும் இந்த மரத்தின் பெயரே 'நீல்கிரி'. கன்னடத்தில் நீலகிரி மரம், தெலுங்கில் நீலகிரி செட்டு. விக்ஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் சேர்ந்திருக்கும் பொருள்களில் 'நீலகிரி தைலம்' இருக்கும். பாதி இந்தியா ஒரு மரத்துக்கு நம் மலையின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறது. ஆனால் அந்த மரம் நீலகிரியில் பிறந்ததே இல்லை! அது எப்படி இங்கே வந்தது, அதன் தைலம் எப்படி மருந்தானது, இன்று இணையத்தில் அதிகம் பேசப்படும் எலுமிச்சை யூகலிப்டஸ் தைலத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்பதுதான் இந்தக் கட்டுரை.

விறகுக்காக வந்த விருந்தாளி

யூகலிப்டஸ் குடும்பத்தின் தாய்வீடு ஆஸ்திரேலியா. 700க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே உண்டு. 1788இல் லெரிட்டியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள். பூ மலர்வதற்கு முன்பு மொட்டின் மேல் ஒரு குட்டித் தொப்பி இருக்கும், அதனால் அந்தப் பெயர். நீலகிரியில் நாம் பார்க்கும் 'புளூ கம்' என்ற இனத்தை 1792இல் டாஸ்மேனியாவில் கண்டு எழுதியவர் லாபியார்டியேர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர்.

இந்தியாவில் முதலில் இதை நட்டவர் திப்பு சுல்தான் என்று சொல்வதுண்டு. 1790 வாக்கில் நந்தி மலையில் உள்ள தோட்டத்தில் நட்டாராம். ஆனால் மரம் வேரூன்றிப் பரவியது நீலகிரியில்தான். 1843இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி இங்கே நட்டதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது.

எதற்காக நட்டார்கள்? மருந்துக்கா, வாசனைக்கா? இரண்டும் இல்லை. அடுப்பெரிக்க!

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரி பக்கம் உள்ள திம்பட்டிக்கு 1823இல் பாதை போட்டு முடித்தார்கள். நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் போட்ட முதல் பாதை அதுதான். அதன் பிறகு ஊட்டி வளர்ந்தது, குன்னூர் வளர்ந்தது, வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு எழுந்தது. இத்தனை வீட்டுக்கும் குளிர் காய, சமைக்க, வெந்நீர் போட விறகு வேண்டும். பக்கத்தில் இருந்தது சோலைக்காடு. வெட்டினார்கள். சோலை மரம் வளர்வது மிக மெதுவாக. வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடு கொடுக்க முடியவில்லை.

அப்போதுதான் ஆஸ்திரேலிய மரம் கைகொடுத்தது. சில வருடங்களிலேயே வானுயரம் போகும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், திரும்ப நட வேண்டிய வேலையே இல்லை. ஆடு மாடு அதன் இலையைத் தொடாது, வேலியும் வேண்டாம். 1856 முதல் விறகுக்காக முறையான தோட்டங்களே போட ஆரம்பித்தார்கள். ஊட்டியைச் சுற்றிப் புல்வெளியாக இருந்த குன்றுகள் ஒவ்வொன்றாக மரத்தோப்பாக மாறின.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மரம் வந்தது கட்டைக்காக. இலை வெட்டிப் போட்ட கழிவு. தைலத்தின் கதை அந்தக் கழிவிலிருந்துதான் தொடங்குகிறது.

கழிவு இலை மருந்தானது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். ஃபெர்டினாண்ட் வான் மியூலர் என்ற தாவரவியலாளர் கொடுத்த ஊக்கத்தில் அவர் 1852இல் யூகலிப்டஸ் இலையிலிருந்து தைலம் காய்ச்சி விற்கத் தொடங்கினார். ஆஸ்திரேலியத் தாவரத்திலிருந்து எடுத்து உலகம் முழுக்க விற்ற முதல் தைலம் அதுதான் என்பார்கள். 1870இல் க்ளோயஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புளூ கம் தைலத்தின் முக்கியப் பொருளைப் பிரித்து 'யூகலிப்டால்' என்று பெயரிட்டார். இன்று அதைச் சினியோல் என்கிறோம். ஆவி பிடிக்கும்போது மூக்கில் ஏறும் குளுகுளுப்பு அதனுடையதுதான். சளியை இளக்கும், மூச்சு லேசானது போல உணரச் செய்யும்.

நீலகிரியிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே தைலம் காய்ச்சும் வேலை ஆரம்பமாகிவிட்டது. இதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, அடுப்பின் மேல் ஒரு பெரிய அண்டா, அதற்கு இறுக்கமான மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய், அவ்வளவுதான். உதிர்ந்த இலையையும் வெட்டிய மரத்தின் இலையையும் மூட்டை கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். அண்டாவில் திணித்துத் தண்ணீர் விட்டுத் தீ மூட்டுவார்கள். நீராவி இலையில் உள்ள தைலத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு குழாய்க்குள் போகும். குழாய் குளிர்ந்த தண்ணீருக்குள் போகும்போது ஆவி மறுபடி நீராகும். பாத்திரத்தில் சேரும் நீரின் மேல் தைலம் தனியாக மிதக்கும். அதை வடித்து எடுக்க வேண்டியதுதான். காய்ச்சி முடிந்த சக்கையைக் காயவைத்து அடுத்த அடுப்புக்கு எரிப்பதும் உண்டு. எதுவும் வீணில்லை!

கேட்க எளிது. கணக்குப் போட்டால்தான் கஷ்டம் தெரியும். 100 கிலோ இலைக்கு ஏறத்தாழ 1 கிலோ தைலம்தான் கிடைக்கும். அந்த 100 கிலோவையும் சரிவில் குனிந்து பொறுக்கியவர் யாரோ ஒருவர். மழை நாளில் இலை ஈரம், விறகு ஈரம். கடையில் நாம் வாங்கும் சின்னப் புட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் சுமந்த மூட்டை இருக்கிறது.

கொஞ்ச காலத்தில் இந்தத் தைலம் நம் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்றே தெரியாமல் நுழைந்துவிட்டது. சளி என்றால் வெந்நீரில் இரண்டு சொட்டு, மூட்டுவலி என்றால் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்ப்பது, தலைவலி என்றால் கைக்குட்டையில் நனைத்து முகர்வது. பாட்டி வைத்தியம் என்று இதைச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாட்டியின் பாட்டிக்கு இந்த மரமே தெரிந்திருக்காது! 1843க்கு முன்பு நீலகிரி அறியாத மரம், நூறு வருடத்துக்குள் நாட்டு மருந்தாகிவிட்டது.

காய்ச்சலை விரட்டும் மரமா?

19ஆம் நூற்றாண்டில் இந்த மரத்துக்கு இன்னொரு பெரிய புகழ் இருந்தது. மலேரியாவை விரட்டும் மரம் என்று உலகமே நம்பியது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நாற்றக் காற்றுதான் காய்ச்சல் தருகிறது, யூகலிப்டஸ் வாசனை அந்தக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நினைத்தார்கள். ரோம் நகரை ஒட்டிய ட்ரே ஃபொன்டானே மடத்தில் துறவிகள் ஆயிரக்கணக்கில் இந்த மரத்தை நட்டார்கள்.

இந்த நம்பிக்கையை உடைத்த கதையில் நீலகிரிக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897இல் ஊட்டிக்கு வந்தார். மலேரியாவைத் தேடிப் பக்கத்தில் உள்ள சீகூர் மலைப்பாதைக்கு இறங்கினார். அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது! புள்ளி போட்ட இறக்கையுடன் வித்தியாசமாக உட்காரும் ஒரு கொசுவையும் அங்கே கவனித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் அதே மாதிரிப் புள்ளி இறக்கைக் கொசு ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காற்று குற்றவாளி அல்ல, கொசுதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் யூகலிப்டஸ் நட்ட சில இடங்களில் காய்ச்சல் குறைந்ததாகச் சொன்னார்களே, அது எப்படி? காரணம் வாசனை இல்லை, வேர். வேகமாக வளரும் மரம் வேகமாகத் தண்ணீர் குடிக்கும். சதுப்பு காய்ந்தால் கொசு முட்டையிட இடம் குறையும்.

சதுப்பில் அந்தத் தாகம் வரம். மலை உச்சியில் அதே தாகம் என்ன செய்யும்? அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு விறகுத் தேவையுடன் ஆலைத் தேவையும் சேர்ந்துகொண்டது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் வந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை, மரக்கூழிலிருந்து செயற்கை நூலிழை தயாரித்தது. அதற்காக நீலகிரியிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் லாரி லாரியாக இறங்கின. சல்லிவன் பாதை போட்டு ஏறிய அதே சிறுமுகைக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மரம் இறங்கியது. மேலே இன்னும் இன்னும் புல்வெளி தோப்பானது.

அந்தப் புல்வெளி 'சும்மா கிடக்கும் இடம்' என்றுதான் அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். உண்மையில் அது தோடர்களின் எருமை மேய்ந்த நிலம். அவர்கள் வீடு வேயும் புல் விளைந்த நிலம். மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்ட நிலமும் அதுதான்.

இந்த வேறுபாட்டை அளந்தே பார்த்தார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் 59 சதவீதப் பரப்பில் 1972இல் புளூ கம் நட்டார்கள். பிறகு இரண்டிலிருந்தும் ஓடிவரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் மரம் நட்ட பகுதியில் ஓடிவந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாவது பத்து வருடத்தில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. மழையில்லாத மாதங்களில் இந்தக் குறைவு இன்னும் அதிகம்.

பவானிக்குத் தண்ணீர் தரும் மலை இது. அந்தத் தண்ணீர் கீழே கோவை, ஈரோடு வரை குடிநீர், நெல், மஞ்சள் என்று மாறுகிறது. நீலகிரியில் நட்ட மரத்தின் செலவில் ஒரு பகுதி சமவெளிக்காரர்களின் கணக்கிலும் எழுதப்பட்டது. அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

எலுமிச்சை வாசத்துடன் ஒரு உறவுக்காரர்

இனி நம் இரண்டாவது மரத்துக்கு வருவோம். 1846இல் தாமஸ் மிட்செல் என்பவர் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குப் போனார். இன்றைய குயின்ஸ்லாந்தில் அவருடைய பயணக் குழு ஒரு மரத்தைச் சேகரித்தது. இலையைக் கசக்கினால் கற்பூர நெடி இல்லை. பச்சை எலுமிச்சையின் வாசனை! 1848இல் வில்லியம் ஹூக்கர் அதற்கு 'யூகலிப்டஸ் சிட்ரியோடோரா' என்று பெயர் வைத்தார். எலுமிச்சை மணம் உடையது என்று பொருள். 1995இல் தாவரவியலாளர்கள் அதை யூகலிப்டஸ் இனத்திலிருந்து பிரித்து 'கோரிம்பியா' என்ற தனி இனத்தில் சேர்த்தார்கள். எனவே இன்று அது சொந்த அண்ணன் தம்பி இல்லை, பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மரத்துக்கும் குணம் வேறு. புளூ கம்முக்குக் குளிர் வேண்டும், அதனால் ஊட்டி உயரத்தில் செழிக்கும். எலுமிச்சை யூகலிப்டஸுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு பிடிக்கும், உயரம் குறைந்த இடங்களில் நன்றாக வரும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதைத் தைலத்துக்காக வளர்க்கிறார்கள். மரப்பட்டை வழவழவென்று பொடி பூசியது போல வெளுத்திருக்கும்.

பெரிய வேறுபாடு இலைக்குள் இருக்கிறது. புளூ கம் தைலத்தில் பெரும்பகுதி சினியோல். எலுமிச்சை யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால் என்ற வேறு பொருள், நல்ல தைலத்தில் 70 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். சினியோல் அதில் கொஞ்சம்தான். அதனால் சளிக்கு ஆவி பிடிக்க எலுமிச்சைத் தைலத்தைத் தேடிப் போவதில் பொருள் இல்லை. அதன் வேலை வேறு. சோப்பு, தரை துடைக்கும் திரவம், வாசனைத் திரவியம் ஆகியவற்றுக்குத்தான் முதலில் பயன்பட்டது. சிட்ரோனெல்லாலை மாற்றிப் பூ வாசனைகளைச் செயற்கையாகச் செய்யலாம் என்பதால் வாசனைத் தொழிலில் இதற்கு நல்ல கிராக்கி.

மிச்சத் தண்ணீரில் கிடைத்த கொசு விரட்டி

ஆனால் இந்த மரத்தை உலகப் புகழ் ஆக்கியது வாசனை இல்லை. சீனாவில் கொசு விரட்டும் தாவரங்களைத் தேடி விஞ்ஞானிகள் ஏராளமான செடிகளைச் சோதித்தார்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் தைலத்தையும் சோதித்தார்கள். தைலம் பூசினால் கொசு கொஞ்ச நேரம் கிட்ட வராது, பிறகு வந்துவிடும். ஆச்சரியம் எங்கே இருந்தது தெரியுமா? தைலத்தை எடுத்த பிறகு மிஞ்சிய கழிவில்! அது தைலத்தை விட நன்றாகக் கொசுவை விரட்டியது. அதில் இருந்த பொருளுக்குப் பாரா மென்தேன் டையால், சுருக்கமாகப் பி.எம்.டி. என்று பெயர். சட்டென்று ஆவியாகிப் போகாது என்பதுதான் இதன் பலம். சீனாவில் இது 'குவென்லிங்' என்ற பெயரில் கொசு விரட்டியாக வந்தது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005இல் கொசு விரட்டிகள் பட்டியலில் எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயைச் சேர்த்தது. தாவரத்திலிருந்து வந்த ஒரு பொருளுக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தது பெரிய செய்தி. அதற்குப் பிறகுதான் இணையம் முழுக்க எலுமிச்சை யூகலிப்டஸ் புகழ் பாடத் தொடங்கியது.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பம். அந்த மையம் சொன்ன 'எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்' வேறு, கடையில் கிடைக்கும் எலுமிச்சை யூகலிப்டஸ் தைலம் வேறு! முன்னதில் சிட்ரோனெல்லாலைப் பி.எம்.டி.யாக மாற்றி, அதன் அளவை 65 சதவீதம் வரை உயர்த்தியிருப்பார்கள். அண்டாவில் காய்ச்சி வடித்த தைலத்தில் பி.எம்.டி. ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். ஒன்று பல மணி நேரம் காக்கும். இன்னொன்று ஒரு மணி நேரம் காத்தாலே பெரிய விஷயம். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் புகழை வைத்து இன்னொன்றை விற்கிறார்கள். டெங்கு பரவும் ஊரில் தைலம் பூசிவிட்டோம் என்று நம்பி மாலை முழுக்க வெளியே உட்கார்ந்திருப்பது ஆபத்து.

எது எதற்கு?

குழப்பம் தீர ஒரு சின்னப் பட்டியல்:

1. சளி, மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க: நீலகிரித் தைலம், அதாவது சினியோல் உள்ளது. பெரியவர்களுக்கு வெந்நீரில் ஓரிரு சொட்டு போதும். நிம்மதி தரும், ஆனால் நோயைக் குணப்படுத்தாது.

2. தசைவலிக்குத் தேய்க்க: தேங்காய் எண்ணெயில் கலந்துதான் தேய்க்க வேண்டும். நேரடியாகப் பூசினால் தோல் எரியும்.

3. அறை வாசனைக்கு, தரை துடைக்க, கொஞ்ச நேரம் கொசு தொல்லை குறைய: எலுமிச்சை யூகலிப்டஸ் தைலம்.

4. நோய் பரப்பும் கொசுவிடமிருந்து பாதுகாக்க: அளவு அச்சிட்ட பி.எம்.டி. அல்லது வேறு நிரூபிக்கப்பட்ட கொசு விரட்டி. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயும் பி.எம்.டி.யும் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கூடாது.

5. உள்ளுக்குக் குடிக்க: எந்தத் தைலமும் கூடாது! குழந்தை ஒரு தேக்கரண்டி நீலகிரித் தைலத்தை விழுங்கினாலும் வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். முகர்ந்ததாலேயே வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017இல் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

'இயற்கை' என்று புட்டியில் எழுதியிருப்பதால் மட்டும் எதுவும் பாதுகாப்பானது ஆகிவிடாது. ஆடு மாடுகளே தொடாத இலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எச்சத்தை வென்ற எச்சம்

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். இத்தனை புகழ் பெற்ற பெயர் கையில் இருந்தும் நீலகிரியில் தைலம் காய்ச்சுகிறவர் ஏன் பணக்காரர் ஆகவில்லை?

விடை செலவுக் கணக்கில் இருக்கிறது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் காகித ஆலைக்காக யூகலிப்டஸை வெட்டுகிறார்கள். மரத்தின் விலையிலேயே எல்லாச் செலவும் அடங்கிவிடும், இலை இலவசம். சீனாவில் இன்னும் ஒரு படி மேலே. சீனாவிலிருந்து 'யூகலிப்டஸ் தைலம்' என்று வருவதில் ஒரு பெரும் பகுதி யூகலிப்டஸே இல்லை. அங்கே வளரும் உண்மையான கற்பூர மரத்தின் எண்ணெயிலிருந்து மற்ற பொருள்களை எடுக்கும்போது சினியோல் தனியாகப் பிரிகிறது. அதுதான் மலிவாக உலகச் சந்தைக்கு வருகிறது. நம் ஊரில் யூகலிப்டஸுக்குக் கற்பூர மரம் என்று பெயர். அங்கே கற்பூர மரத்துக்கு யூகலிப்டஸ் என்று பெயர். நல்ல ஜோடி!

இலையைப் பொறுக்கிச் சுமந்து விறகு எரித்து எடுத்த 1 கிலோ தைலம், கப்பலில் பீப்பாயாக வந்த தைலத்துடன் அதே சந்தையில் போட்டி போட வேண்டும். கழிவில் பிறந்த தொழிலை இன்னொரு நாட்டின் கழிவு தோற்கடிக்கிறது. கலப்படம் வருவதும் இந்த இடைவெளியில்தான். மலிவுத் தைலத்தை வாங்கி, கொஞ்சம் மலைத் தைலம் கலந்து, 'ஒரிஜினல் ஊட்டித் தைலம்' என்று லேபிள் ஒட்டிவிடலாம். மூக்கால் கண்டுபிடிப்பது கடினம். இரண்டிலும் இருப்பது அதே சினியோல்தானே! நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை. உண்மையாகக் காய்ச்சுகிறவர் தன் புட்டிக்கு நியாயமான விலை கேட்டால் 'பக்கத்துக் கடையில் பாதி விலை' என்ற பதில்தான் அவருக்குக் கிடைக்கும்.

இனி?

அந்நிய மரங்களை மலையிலிருந்து அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. மலைக்கு அது தேவை. புல்வெளி திரும்பினால் ஓடையும் திரும்பும் என்பதற்குக் கிளென்மார்கன் கணக்கே ஆதாரம்.

ஆனால் கொட்டகையில் அண்டாவுக்கு அடியில் தீ தள்ளும் தொழிலாளியை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது? மரத்தைக் கொண்டுவந்தவர் அவர் இல்லை. புல்வெளியைத் தோப்பாக்கியவரும் அவர் இல்லை. மற்றவர்கள் கட்டையை எடுத்துக்கொண்டு விட்டுப்போன இலையை வைத்து ஒரு பிழைப்பை உண்டாக்கிக்கொண்டவர் அவர். மரம் போகும்போது அவர் பிழைப்பும் போகிறது.

எல்லா மரமும் ஒரே நாளில் போகப் போவதில்லை. வெட்டும் மரத்தின் இலையாவது உள்ளூர்க் கொட்டகைக்குப் போகலாம். எங்கே, யார் காய்ச்சியது, சினியோல் எத்தனை சதவீதம் என்று புட்டியில் எழுதலாம். டார்ஜிலிங் தேயிலைக்கு இருக்கும் மரியாதை நீலகிரித் தைலத்துக்கும் வரலாம். உயரம் குறைந்த இடங்களில், புல்வெளியும் நீரூற்றும் இல்லாத தனியார் நிலத்தில், எலுமிச்சை யூகலிப்டஸ் ஒரு துணை வருமானம் ஆகலாம். ஆனால் கொசு விரட்டி என்று நம்பி ஊரெல்லாம் நட்டால் அது இரண்டாவது புளூ கம் கதை ஆகிவிடும். விறகு வேண்டும் என்று ஒரே ஒரு பயனை மட்டும் பார்த்து நட்டதன் விலையைத்தான் மலை 180 வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

விறகு, காய்ச்சல் மருந்து, சளித் தைலம், கூழ், கொசு விரட்டி என்று ஒவ்வொரு காலமும் இந்த மரங்களிடம் ஒவ்வொன்றைக் கேட்டது. கேட்டதில் பாதி கிடைத்தது, பாதி வெறும் நம்பிக்கை. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதுதான் உண்மையான பயன்.

அடுத்த முறை அரவேணு வழியாக மலை ஏறும்போது சாலையோரக் கடையில் ஒரு புட்டி வாங்கினால், விலை கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: "அண்ணா, இது எங்கே காய்ச்சினது?" ஒரு ஊர்ப் பெயர் பதிலாக வந்தால், பத்து ரூபாய் அதிகம் என்றாலும் தயங்காமல் வாங்கலாம்.